மெருகேற்றலாம், மறைக்கலாகாது



காரைக்கால் மாவட்டத்தில் விழிதியூர் போன்ற சிற்றூர்களிலும் இன்று பல வீட்டு வாசல்களில் கார் நிற்கிறது. அவற்றுள் கணிசமானவை, பிறர் ஓட்டிய பின் நம்மவர் வாங்கியவை. வெளிநாட்டில் உழைத்துச் சேமித்த பணத்தில் வாங்கிய அந்தக் காரை வீட்டிலேயே பாலிஷ் போட்டுப் புதிது போல் வைத்திருக்கப் பலரும் விரும்புகின்றனர். இது வீண் ஆடம்பரம் அன்றோ என்று சிலர் வினவுகின்றனர். அன்று என்பதே நம் கருத்து. பொருளைப் பேணுவது அமானிதத்தைப் பேணுவதாகும். எனினும், பேணுவதற்கான அதே பாலிஷ் விற்கும் நாளில் ஏமாற்றின் கருவியாகவும் மாறக்கூடும். அதைப் பற்றி நம் வீடுகளில் போதிய பேச்சில்லை.

முதலில் பேணுதலைப் பார்ப்போம். அரசலாறு கடலில் கலக்கும் இக்கரையோரத்தில் காற்றிலேயே உப்பு உள்ளது. பெயின்ட் பெயர்ந்த சிறு புள்ளியில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் தகடு விரைவில் துருப்பிடிக்கும். பறவை எச்சத்தை வெயிலில் காய விட்டால் அது பெயின்டை அரித்துவிடும். ஆகவே, காரின் அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளையும் அவ்வப்போது நல்ல நீரால் கழுவுவதும், பெயர்ந்த இடத்தில் உடனே டச்-அப் பெயின்ட் வைப்பதும் பாலிஷை விட முதன்மையானவை.

பாலிஷ் என்பது பூச்சு அன்று, தேய்ப்பு. இன்றைய கார்களில் நிறத்தின் மேல் நிறமற்ற ஒரு பாதுகாப்புப் படலம் இருக்கிறது. அதன் தடிமன் ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரான்; ஒரு தலைமுடியின் தடிமனை விடவும் குறைவு. ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் அதில் சிறிது தேய்ந்து போகிறது. போனது திரும்பாது. எனவே மாதந்தோறும் பாலிஷ் போடுவது பாதுகாப்பன்று, அழிவு. நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது, கார் ஷாம்பூவால் கழுவித் துடைத்து, மிக மென்மையான பாலிஷை முதலில் ஒரு சாண் இடத்தில் மட்டும் சோதித்துப் பார்க்க வேண்டும். நகம் சிக்கும் அளவு ஆழமான கீறல் பாலிஷால் போகாது. அதை விட்டுவிடுவதே அறிவு. இறுதியில் மெழுகு பூசினால் போதும். படலத்தைத் தேய்க்காமல் அதன் மேல் காவலாக நிற்பது அதுவே. அந்த மெழுகைச் சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பித்துக் கொள்ளலாம்.

தண்ணீரிலும் கவனம் தேவை. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்பது ஸஹீஹான ஹதீஸ். ஷாஃபிஈ கணக்கில் அது ஒரு லிட்டருக்கும் குறைவு. வணக்கத்திற்கே அந்த அளவென்றால், கடைமடையில் வாழும் நாம் குழாயைத் திறந்துவிட்டு வாகனம் கழுவுவது முறையா? ஷாம்பூ நீருக்கு ஒரு வாளி, துணியை அலச மற்றொரு வாளி போதும். மண் துகள் தனி வாளியில் தங்குவதால் புதிய கீறலும் விழாது.

இனி விற்பனைக்கு வருவோம். 2015 டிசம்பர் பெருவெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. நீரில் மூழ்கிய காரையும் மெருகேற்றி நிறுத்தினால் வெளித்தோற்றம் ஒன்றும் சொல்லாது. ஆயின், மின்கம்பிகளின் இணைப்புகள் மெல்ல அரித்து, மாதங்கள் கழித்துப் பழுது வெளிப்படும். விபத்தில் நசுங்கிய கதவும் அப்படியே, பட்டி பூசிப் பெயின்ட் அடித்துப் பாலிஷ் போட்டால் கண்ணுக்குத் தப்பிவிடும்.

பால் கறக்காமல் மடியைக் கட்டிப் பெருக்கவைத்து ஆட்டையும் ஒட்டகத்தையும் விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி ஏமாந்து வாங்கியவர், விரும்பினால் ஒரு ஸாவு பேரீச்சம்பழத்துடன் பிராணியைத் திருப்பித் தரலாம் என்றும் தீர்ப்பளித்தார்கள். மடியில் பால் இருந்தது உண்மை. அது தந்த தோற்றமே பொய். பழுதை மறைக்கப் போட்ட பாலிஷும் இவ்வகையே. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரத்தைக் கண்டு, நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என அண்ணலார் கண்டித்த நிகழ்வும் நாம் அறிந்ததே.

“பார்த்துத்தானே வாங்கினார்? எதற்கும் பொறுப்பில்லை என்று சொல்லித்தானே விற்றேன்?” என்பது பரவலான வாதம். ஷாஃபிஈ மத்ஹபின் ஏற்கப்பட்ட கருத்துப்படி, அறிந்தே மறைத்த குறையிலிருந்து இந்த நிபந்தனை விற்பவரை விடுவிக்காது. குறையைக் கண்டவருக்குத் திருப்பித் தரும் உரிமை உண்டு. குறையைச் சொன்னால் சில ஆயிரங்கள் குறையும் என்பது உண்மைதான். அந்த இழப்பு சிறியதென்று நாம் சொல்லவில்லை. ஆனால் மறைத்துப் பெற்ற அந்த ஆயிரங்கள், வாங்கிய குடும்பத்தின் சேமிப்பிலிருந்து எடுத்தவை. பிரேக்கோ சேஸிஸோ பழுதென்றால் அது உயிர் சார்ந்த விஷயமும் ஆகும்.

எனவே நம் ஆலோசனை எளியது. விற்பதற்கு முன் காரைக் கழுவுங்கள், மெழுகு பூசுங்கள். அதனுடன் விபத்து, வெள்ளம், மறுபெயின்ட், மாற்றிய பாகம் என நீங்கள் அறிந்த குறைகளை ஒரு தாளில் எழுதி, பெயர் மாற்றத்திற்கான படிவம் 29, 30 ஆகியவற்றோடு சேர்த்துக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். வாங்குபவரும் அந்தத் தாளைக் கேட்டுப் பெறட்டும். உறவுக்குள் நடக்கும் விற்பனையிலும் இதைக் கைவிட வேண்டாம். அங்கேதான் மனக்கசப்பு நெடுநாள் நிற்கிறது.

வாங்குவதிலும் விற்பதிலும் உண்மையையும் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.