ஒரே சிட்டிங்கில் முகம் வெளுக்குமா? லேசர் சிகிச்சையில் எது உண்மை, எது விளம்பரம்?

செல்போனில் ரெண்டு ரீல்ஸ் தள்ளினால் மூன்றாவதாக வந்து நிற்கிறது அந்த விளம்பரம். இடது பக்கம் கறுத்த முகம், வலது பக்கம் பளபளக்கும் முகம். 'ஒரே சிட்டிங்', 'வலியே இல்லை', 'முகூர்த்த சீசன் ஆஃபர்' என்று பெரிய எழுத்து. இன்னொரு பக்கம், "லேசர் வச்சா கேன்சர் வரும், தோல் மெலிஞ்சு போயிடும்" என்று பயமுறுத்தும் வாட்ஸ்அப் ஃபார்வர்டுகள்.

ரெண்டுமே உண்மை இல்லை. ஆனால் ரெண்டில் ஒன்றை நம்பி முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். லேசர் தோலுக்குள் என்னதான் செய்கிறது? நம்ம ஊர் நிறத்துக்கு அது எந்த அளவுக்குப் பாதுகாப்பு? பார்க்கலாம்.

லேசர் என்பது ஒரே மெஷின் இல்லை

"லேசர் பண்ணிக்கிட்டேன்" என்று ஒருவர் சொன்னால், அது "மாத்திரை சாப்பிட்டேன்" என்று சொல்வது மாதிரி. எந்த மாத்திரை, எதற்காக என்று கேட்காமல் அதில் அர்த்தம் இல்லை.

லேசர் என்பது ஒளி. டியூப் லைட் வெளிச்சத்தில் பல நிறங்கள் கலந்திருக்கும். லேசரில் ஒரே அலைநீளம் கொண்ட ஒளி, சிதறாமல் ஒரே திசையில் பாயும். 1960-ல் அமெரிக்க விஞ்ஞானி தியோடர் மெய்மன் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். அடுத்த சில ஆண்டுகளிலேயே லியோன் கோல்ட்மேன் என்ற தோல் மருத்துவர் அதைத் தோலில் பயன்படுத்திப் பார்த்தார். ஆனால் அப்போது சிக்கல் என்னவென்றால், குறி வைத்த இடத்தோடு சேர்த்து சுற்றியிருக்கும் தோலும் வெந்தது.

திருப்புமுனை 1983-ல் வந்தது. ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் ஒரு விதியை முன்வைத்தார்கள். தோலில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு அலைநீளத்தை அதிகமாக உறிஞ்சும். சரியான அலைநீளத்தை, மிகக் குறைந்த நேரத்துக்குப் பாய்ச்சினால் குறி வைத்த பொருள் மட்டும் சூடாகி அழியும், பக்கத்தில் இருப்பது தப்பிக்கும். இன்றைய தோல் லேசர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன.

குறி வைக்கப்படும் பொருட்கள் முக்கியமாக மூன்று. தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் மெலனின், ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின், செல்களில் இருக்கும் தண்ணீர். முடி நீக்கும் டயோடு லேசர் மெலனினைத் தேடிப் போகும். பிறவியிலேயே முகத்தில் இருக்கும் சிவப்புத் திட்டுகளுக்குப் பயன்படும் பல்ஸ்டு டை லேசர் ரத்தக்குழாயைத் தேடும். பரு தழும்புக்கு வைக்கும் கார்பன் டை ஆக்சைடு லேசர் தண்ணீரைக் குறி வைத்து, தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் போடும். அந்தக் காயம் ஆறும்போது புது கொலாஜன் உருவாகி, பள்ளம் ஓரளவு மேலெழும். கவனிங்க, 'ஓரளவு'. முழுசா மறையும் என்று சொன்னால் அது விளம்பரம்.

கறுப்புச் சட்டை கணக்கு

மத்தியான வெயிலில் வெள்ளைச் சட்டை போட்டுப் போகிறவரை விட கறுப்புச் சட்டைக்காரருக்குத்தான் அதிகம் சுடும். லேசரிலும் அதேதான். முடியின் வேரில் இருக்கும் மெலனினைத் தேடிப் போகும் ஒளிக்கு, வழியில் தோலின் மேலடுக்கில் இருக்கும் மெலனினும் மெலனின்தான். வெளிர் தோலில் ஒளி நேராக வேருக்குப் போய்விடும். மாநிறம், கறுப்பு நிறத் தோலில் கணிசமான சக்தி மேலேயே தங்கிச் சூடாக்கும். அளவு தப்பினால் கொப்புளம், தீக்காயம், அதன் பிறகு கறுப்புத் தழும்பு.

தோல் நிறத்தை ஆறு வகையாகப் பிரிக்கும் ஓர் அளவுகோல் இருக்கிறது. 1975-ல் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற மருத்துவர் வகுத்தது. முதல் வகை வெயில் பட்டாலே சிவந்து எரியும் மிக வெளிர் தோல், ஆறாவது வகை மிகக் கறுத்த தோல். இந்தியர்களில் பெரும்பாலானோர் நான்காம், ஐந்தாம் வகையில் வருகிறோம். வெளிர் தோலுக்கு வைக்கும் அதே செட்டிங்கை நமக்கு வைத்தால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் லேசரே நமக்கு ஆகாது என்று அர்த்தமா? இல்லை. அலைநீளம் கூடக்கூட மெலனின் உறிஞ்சுவது குறையும். 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட் லேசரை விட, 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசர் கறுத்த தோலுக்குப் பாதுகாப்பானது என்பது இந்தத் துறையில் பழைய பாடம். அதோடு தோலைக் குளிர்விக்கும் முனை, குறைந்த சக்தி, அதிக இடைவெளி என்று அமைத்தால் நம்ம தோலிலும் நல்ல பலன் கிடைக்கும். அதாவது ஆபத்து மெஷினில் மட்டும் இல்லை, அதைப் பிடித்திருக்கும் கையில் இருக்கிறது.

இன்னொரு குழப்பம். பல இடங்களில் 'லேசர்' என்று சொல்லிச் செய்வது லேசரே இல்லை, ஐபிஎல். அது பல அலைநீளங்கள் கலந்த பளிச் ஒளி, கேமரா ஃபிளாஷ் மாதிரி. சில வேலைகளுக்கு அது நல்ல கருவிதான். ஆனால் கறுத்த தோலில் தப்பு நடக்கும் வாய்ப்பு அதிகம். ஆன்லைனில் விற்கும் வீட்டு உபயோகக் கருவிகளில் பலவும் ஐபிஎல் வகைதான். மிகக் கறுத்த நிறத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அந்தக் கையேட்டிலேயே போட்டிருக்கும். யார் படிக்கிறோம்?

வெள்ளையாக்குமா?

ஆகாது. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம். பிறவி நிறத்தை மாற்றும் லேசர் எதுவும் இல்லை. வெயிலில் கறுத்தது, திட்டு, புள்ளி போன்ற கூடுதல் நிறமியைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

'லேசர் டோனிங்', 'கார்பன் பீல்' என்று விற்கப்படுவதில் முகம் சில நாள் பளிச்சென்று இருப்பது உண்மை. எண்ணெய்ப் பசை குறையும், மேல்தோலின் இறந்த செல்கள் போகும். கல்யாண போட்டோவுக்கு அது போதும் என்றால் அது உங்கள் விருப்பம். ஆனால் வெள்ளையாகும் ஆசையில் வாரா வாரம் டோனிங் செய்துகொண்டே போனால், நிறமி செல்கள் அடிபட்டு முகத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் விழலாம். சிலருக்கு அது எளிதில் போவதில்லை. நிறத்தைத் தேடிப் போய் திட்டுத் திட்டாகத் திரும்பி வருவது எவ்வளவு பெரிய வேதனை!

மங்குக்கு வருவோம். கன்னத்திலும் நெற்றியிலும் பழுப்புத் திட்டாக வருமே, அதுதான். கர்ப்ப காலத்திலும் வெயிலாலும் அதிகமாகும். லேசரை அதிகம் கேட்டு வருவதும் இதற்குத்தான், லேசர் ஏமாற்றுவதும் இதில்தான். மங்குக்கு முதல் சிகிச்சை சன்ஸ்கிரீனும் டாக்டர் எழுதித் தரும் க்ரீமும். லேசரின் சூடே நிறமி செல்களைத் தூண்டிவிட்டு, போன திட்டு முன்பை விட அடர்த்தியாகத் திரும்பலாம். முதல் நாளே "மங்குக்கு லேசர் பேக்கேஜ் போட்டுக்கோங்க" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசிங்க.

'நிரந்தர' முடி நீக்கம்

அமெரிக்காவின் எஃப்.டி.ஏ அமைப்பு லேசர் நிறுவனங்களுக்கு அனுமதித்திருக்கும் வார்த்தை 'நிரந்தர முடி குறைப்பு'. 'நீக்கம்' இல்லை. ஒரு வார்த்தைதான் வித்தியாசம், ஆனால் மொத்த விஷயமும் அதில் இருக்கிறது. முடியின் எண்ணிக்கை நீண்ட காலத்துக்குக் குறையும், மொத்தமாக ஒழியாது.

ஏன் பல சிட்டிங்? முடி வளர்வது, ஓய்வெடுப்பது, உதிர்வது என்று சுழற்சியில் இருக்கும். வளரும் கட்டத்தில் இருக்கும் முடியைத்தான் லேசரால் சரியாகத் தாக்க முடியும். ஒரே நாளில் எல்லா முடியும் அந்தக் கட்டத்தில் இருக்காது. அதனால்தான் நான்கு முதல் ஆறு வாரம் இடைவெளியில் ஆறு, எட்டு சிட்டிங் என்கிறார்கள். இதற்கு முன் ஷேவ் செய்யலாம், ஆனால் வேக்சிங், த்ரெடிங் கூடாது. வேரையே பிடுங்கிவிட்டால் லேசர் எதைத் தேடும்?

நரைத்த முடியில் மெலனின் இல்லை, அதில் பலனும் இல்லை. பிசிஓஎஸ் இருக்கும் பெண்களுக்குத் தாடையில் முடி வளர்வது ஹார்மோனால். ஹார்மோனைக் கவனிக்காமல் லேசர் மட்டும் வைத்தால் புது முடி வந்துகொண்டே இருக்கும். அரிதாகச் சிலருக்கு, லேசர் வைத்த இடத்தைச் சுற்றி முடி அதிகமாவதும் உண்டு. பணம் கட்டும் முன் இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை.

கேன்சர் பயம், மச்சத்தின் ஆபத்து

எக்ஸ்ரே, புற ஊதாக் கதிர் மாதிரி டிஎன்ஏ-வை உடைக்கும் கதிர் அல்ல இந்த லேசர்கள். இதனால் கேன்சர் வருவதற்கான ஆதாரம் இல்லை. தோல் மெலிந்து போகும் என்பதும் பொதுவாகச் சரியல்ல.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 'மச்சம் நீக்கம்' என்று பார்லரில் லேசர் வைப்பதில். சமீபத்தில் பெரிதான, ஓரம் கோணலான, நிறம் மாறிய, ரத்தம் கசியும் மச்சம் தோல் புற்றுநோயாகவும் இருக்கலாம். நம்மைப் போன்ற நிறக்காரர்களுக்கு உள்ளங்காலிலும் நகத்துக்கு அடியிலும் வரும் கறுப்புப் புள்ளியைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். அதை லேசரால் சுட்டுவிட்டால் பரிசோதனைக்கு அனுப்பத் திசுவே மிஞ்சாது. மேலே தோல் ஆறிவிடும், உள்ளே நோய் வளரும். எந்த மச்சமாக இருந்தாலும் முதலில் தோல் டாக்டர் பார்க்கட்டும்.

கண்ணும் அப்படித்தான். லேசர் அறையில் சிகிச்சை பெறுபவர், செய்பவர் என எல்லோரும் அந்த அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும். கண்ணாடி தராமல் "கண்ணை மூடிக்கோங்க, போதும்" என்றால் எழுந்து வந்துவிடலாம்.

யாரிடம் போவது?

அழகுக்கான சிகிச்சைகள் பற்றி 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு சுவாரஸ்யமான வரி உண்டு. யூடியூபிலோ பயிலரங்கிலோ பார்த்துக் கற்பது போதுமான பயிற்சி ஆகாது என்பதே அது. இதை எழுத்தில் சொல்ல வேண்டிய நிலைமை வந்தது என்பதே நிலவரத்தைச் சொல்லிவிடுகிறது.

போகும் இடத்தில் சில கேள்விகள் கேட்கலாம். தோல் மருத்துவம் படித்த டாக்டர் இருக்கிறாரா? இது எந்த லேசர், என்ன அலைநீளம்? முதலில் சின்ன இடத்தில் டெஸ்ட் பேட்ச் வைப்பீர்களா? ஏதாவது ஆனால் யாரைப் பார்ப்பது? பதில் சொல்லத் தடுமாறினால், மெஷின் எவ்வளவு புதுசாக இருந்தாலும் பயனில்லை.

அவர்கள் உங்களிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. தழும்பு தடித்து கெலாய்டு ஆகும் தன்மை, உதட்டில் அடிக்கடி வரும் ஹெர்பிஸ் கொப்புளம், கர்ப்பம், சாப்பிடும் மாத்திரைகள், சமீபத்தில் வெயிலில் அலைந்தது. எதையும் கேட்காமல் நேராக பில் போட்டால் அதுவே ஒரு பதில்.

ஏற்கனவே சுட்டுவிட்டால்?

லேசருக்குப் பிறகு சில மணி நேரம் லேசாகச் சிவப்பது, வீங்குவது இயல்பு. கொப்புளம், விடாத எரிச்சல், கறுத்துப் போவது இயல்பில்லை. உடனே குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை வையுங்கள். ஐஸ் கட்டியை நேராக வைக்க வேண்டாம். டூத்பேஸ்ட், மஞ்சள், வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு க்ரீம் எதுவும் வேண்டாம், கொப்புளத்தை உடைக்கவும் வேண்டாம். போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, மறுநாளே தோல் டாக்டரைப் பாருங்கள். பில்லையும் பத்திரமாக வையுங்கள், நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டி வந்தால் உதவும்.

கறுத்த தழும்பு மங்குவதற்குப் பல மாதங்கள் ஆகலாம். அதுவரை சன்ஸ்கிரீன் கட்டாயம். செய்த இடத்திலேயே "இன்னொரு லேசர் வச்சு சரி பண்ணிடலாம், இது ஃப்ரீ" என்று கூப்பிடுவார்கள். தோல் டாக்டர் பார்த்துச் சொல்லும் வரை போகாதீர்கள்.