பாடகியைத் திட்டியது போதும்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரப் பெற்றோரே, உங்களிடம் கொஞ்சம் கடுமையாகத்தான் பேச வேண்டியிருக்கிறது.

மேடையில் பாடிய ஒரு பெண்ணின் உடை செய்தியாகிவிட்டால் போதும், மறுநாள் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போதே நம் தீர்ப்பு தயாராகிவிடுகிறது. "இதெல்லாம் ஒரு டிரஸ்ஸா? இவங்களாலதான் நம்ம பிள்ளைங்க கெட்டுப்போகுதுங்க." 2017 டிசம்பரில் பெங்களூரில் நடிகை சன்னி லியோனின் புத்தாண்டு நிகழ்ச்சிக்கு எதிர்ப்பு கிளம்பி, அனுமதியே கிடைக்காமல் போனது. அது சரிதான் என்று அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கமும் பலர் தலையாட்டினார்கள். ஆனால் பள்ளி ஆண்டு விழாவில் நடப்பது என்ன? மூன்றாம் வகுப்புப் பெண் குழந்தைகள், வயிறு தெரியும் மேல்சட்டையும் இடுப்பிலிருந்து இறங்கிய பாவாடையுமாக வரிசையில் நிற்கிறார்கள். 'காவாலா' ஒலிக்கிறது. நாற்காலி மேல் ஏறி நின்று செல்போனில் பிடிக்கிறோம். "இன்னும் நல்லா ஆட்டு கண்ணு" என்று கூவுகிறோம்.

2023இல் வந்த 'ஜெயிலர்' படத்தில் அந்தப் பாட்டைப் பாடியவர் ஷில்பா ராவ், ஆடியவர் தமன்னா. இருவரும் வயது வந்தவர்கள், தங்கள் தொழிலை அறிந்தவர்கள். எதை உடுத்துவது, எதற்கு ஆடுவது என்பது அவர்கள் முடிவு. எட்டு வயதுப் பெண் எதை முடிவு செய்தாள்? பாட்டை டான்ஸ் மாஸ்டர் தேர்ந்தெடுத்தார், பள்ளி ஒப்புக்கொண்டது, வாடகைக் கடையில் பணம் கட்டி அந்த உடையை வாங்கி வந்தது நாம்.

"குழந்தைக்கு என்ன தெரியும், நாமதான் தப்பாப் பாக்கறோம்" என்பீர்கள். தெரியாதுதான். தெரியாத குழந்தைக்குத் தெரிந்தவர்கள்தானே காவல்? திரைப்படத்தில் பெரியவர்கள் ஆடிய ஆட்டத்தைச் சிறுவர்களை ஆட வைப்பது வயதுக்குப் பொருந்தாது, அது அவர்கள் மனதைப் பாதிக்கும் என்று 2019 ஜூனில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே தனியார் தொலைக்காட்சிகளுக்கு அறிவுரை அனுப்பியது. அதைத் தொலைக்காட்சிக்காரர்களின் தலைவலி என்று விட்டுவிட்டோம். இன்று கையில் செல்போன் வைத்திருக்கும் ஒவ்வொரு அப்பாவும் அம்மாவும் ஒரு சேனல்தான்.

அந்தச் செல்போன் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் அதிகம். ஆடி முடித்த மறு நிமிடம் ரீல்ஸில் ஏற்றுகிறோம். பள்ளிப் பெயர், சீருடை, வீட்டு வாசல் எல்லாம் அடுத்தடுத்த வீடியோக்களில் இருக்கின்றன. 2019 பிப்ரவரியில் யூடியூபில் என்ன நடந்தது தெரியுமா? குழந்தைகள் விளையாடுவது, ஜிம்னாஸ்டிக்ஸ் செய்வது போன்ற சாதாரண வீடியோக்களின் கீழே, எந்த நொடியில் உடை விலகுகிறது என்று ஆண்கள் குறித்து வைத்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டிஸ்னி, நெஸ்லே போன்ற நிறுவனங்கள் விளம்பரங்களை நிறுத்திய பிறகுதான், சிறுவர்கள் தோன்றும் பெரும்பாலான வீடியோக்களில் கருத்துப் பகுதியையே யூடியூப் மூடியது. அந்த வீடியோக்களில் பலவற்றைக் குடும்பத்தார்தான் ஆசையாக ஏற்றியிருந்தார்கள். உங்கள் மகளின் ரீலுக்கு லைக் போட்டவர்களில் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்?

உடனே யாராவது, "அதான் உடை சரியில்லன்னா இப்படித்தான் நடக்கும்" என்று ஆரம்பிக்காதீர்கள். 2024 ஆகஸ்டில் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் போலி என்.சி.சி. முகாமில் ஒரு சிறுமிக்கு நேர்ந்த பாலியல் கொடுமை இந்த மாவட்டத்தையே உலுக்கியது. அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்று கேட்பவன் மனிதனே அல்ல. குற்றம் செய்தவன்தான் குற்றவாளி, அதில் பாதியைக்கூடப் பிள்ளை மேல் ஏற்றக் கூடாது. நான் கேட்பது வேறு. எதற்குக் கைதட்டி அவளை வளர்க்கிறோம்? கணக்குப் போட்டபோது வராத கைதட்டல், கோலம் போட்டபோது வராத கைதட்டல், இடுப்பை அசைத்தபோது வந்தால், தன் மதிப்பு எங்கே இருக்கிறது என்று அவள் கற்றுக்கொள்வாள்? சிறுமிகளை இப்படி உடலாக மட்டும் காட்டுவதையும் பார்ப்பதையும் பற்றி அமெரிக்க உளவியல் சங்கம் 2007இல் விரிவான அறிக்கை வெளியிட்டது. தன் உடல் மேல் வெறுப்பு, சாப்பாட்டைத் தவிர்ப்பது, மனச்சோர்வு ஆகியவற்றோடு அதற்குள்ள தொடர்பை அது எடுத்துச் சொன்னது.

அமெரிக்கப் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸைப் பாருங்கள். 1998இல் ஒரு பாடல் வீடியோவில் பள்ளிச் சீருடையில் வயிறு தெரியச் சட்டையை முடிந்துகொண்டு ஆடியபோது வயது 16. உலகமே ரசித்தது. பத்தாண்டு கழித்து மனம் நொந்து நின்ற அந்தப் பெண்ணின் சம்பாத்தியத்தையும் வாழ்க்கையையும் நீதிமன்றம் அவருடைய தந்தையின் பொறுப்பில் விட்டது. அந்தப் பிடி நீங்க 2021 நவம்பர் ஆனது.

மேடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் ஊர்களில் ஆடி மாதம் அம்மன் கோவில் ஒலிபெருக்கியில் கேட்கும் எல்.ஆர். ஈஸ்வரியின் குரல்தான் திரையில் காபரே நடனங்களுக்கும் பாடியது. உஷா உதுப் 1969இல் சென்னை மவுண்ட் ரோட்டில் ஓர் இரவு விடுதியில் புடவையில் பாடத் தொடங்கினார். புடவை கட்டினால்தான் நல்ல பாடகி என்று சொல்ல வரவில்லை. குரலைக் கொண்டே ஒரு மேடையை ஆள முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். நம் பிள்ளைகளில் யாருக்குப் பாட வரும் என்று எந்த ஆண்டு விழாவாவது கேட்டிருக்கிறதா?

அப்பாக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஊர்த் திருவிழா ஆடல் பாடல் நிகழ்ச்சியில் முன்வரிசையில் விசிலடித்துவிட்டு வீட்டில் மகளின் துப்பட்டாவைச் சரிசெய்யச் சொன்னால் அவள் நம்மை எப்படி மதிப்பாள்? அவளுக்குக் கண் இருக்கிறது.

வீட்டில் இருவருமே ஷிஃப்ட் வேலைக்குப் போகும்போது பிள்ளை கையில் செல்போன் தங்கிவிடுகிறது. அந்தச் சிரமம் எனக்கும் தெரியும். ஆனால் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் பாட்டுப் பட்டியல் வரும்போது ஒரு கேள்வி கேட்க ஐந்து நிமிடம் போதும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் ஊர் இது. பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. வேறு பாட்டு வையுங்கள் என்று நான்கு பெற்றோர் சேர்ந்து சொன்னால் மாஸ்டர் மாற்றுவார். டிரஸ் வாடகைக் கடையில் உள்சட்டை சேர்த்துக் கேளுங்கள், தருவார்கள். ஏற்கெனவே ஏற்றிய வீடியோக்களை இன்று இரவே எடுத்துவிடுங்கள். தாத்தா பாட்டி பார்க்க வேண்டுமானால் அவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள்.