கிரிக்கெட்டின் உறவா பேஸ்பால்? 3 ஸ்ட்ரைக்.. 4 பேஸ்.. ஒரு கட்டுக்கதை! விதிகளும் வரலாறும்

2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 5 விளையாட்டுகளைச் சேர்க்க ஒப்புதல் தந்தது. நம்ம ஊரில் அன்று எல்லோரும் பேசியது கிரிக்கெட்டைப் பற்றித்தான். 1900-க்குப் பிறகு முதல்முறையாக ஒலிம்பிக்குக்குத் திரும்புகிறது என்றால் சும்மாவா? ஆனால், அதே பட்டியலில் பேஸ்பாலும் இருந்தது.

கையில் மட்டை, எதிரே பந்து வீசுபவர், ஓடினால் ரன், பிடித்தால் அவுட். பார்ப்பதற்கு கிரிக்கெட்டின் சொந்தக்காரர் மாதிரியே இருக்கும். ஆனால், பத்து நிமிடம் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். பந்தை அடிக்காமலேயே ஒருவர் நடந்து போவார், அதற்கும் கைதட்டுவார்கள். ஏன்?

இந்த விளையாட்டின் விதிகள் என்ன, இது எங்கிருந்து வந்தது, இதைக் கண்டுபிடித்தவர் யார் என்று அமெரிக்கா ஏன் தவறான பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

அடிப்படை விதிகள் என்ன?

ஓர் அணிக்கு 9 பேர். மொத்தம் 9 இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டு அணிகளும் ஒருமுறை பேட் செய்யும். 3 பேர் அவுட் ஆனால் அந்த அணியின் முறை முடிந்தது, அடுத்த அணி பேட் செய்ய வரும். அதாவது டெஸ்ட் போட்டியில் 2 இன்னிங்ஸ் என்றால், இங்கே அதையே 9 சின்னத் துண்டுகளாக நறுக்கி வைத்திருக்கிறார்கள்.

மைதானத்தில் வைர வடிவில் 4 முனைகள் இருக்கும். இவைதான் பேஸ். பேட்டர் நிற்கும் இடம் ஹோம் பிளேட். அங்கிருந்து முதல் பேஸ், இரண்டாவது பேஸ், மூன்றாவது பேஸ் என்று ஒரு சுற்று ஓடி, மறுபடி ஹோம் பிளேட்டைத் தொட்டால் ஒரு ரன். ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் இடையே 90 அடி தூரம். ஒரே மூச்சில் சுற்றி வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நடுவில் ஒரு பேஸில் நின்றுகொண்டு, அடுத்த பேட்டர் அடிக்கும்போது மேலே ஓடலாம்.

பந்து வீசுபவர் பிட்ச்சர். அவர் 60 அடி 6 அங்குல தூரத்தில் இருந்து வீசுவார். கிரிக்கெட் பிட்ச்சின் நீளம் 66 அடி. இங்கே பந்து தரையில் குத்தி எழும்பாது, நேராக பேட்டரை நோக்கி வரும். மணிக்கு 150 கி.மீ. வேகம் என்பது பெரிய லீக்குகளில் சர்வசாதாரணம்.

ஸ்ட்ரைக், பால்.. என்ன வித்தியாசம்?

குழப்பம் தொடங்குவது இங்கேதான். ஹோம் பிளேட்டுக்கு மேலே, பேட்டரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடையே ஒரு கற்பனைப் பெட்டி இருக்கிறது. அதன் பெயர் ஸ்ட்ரைக் ஸோன். ஸ்டம்ப்பே இல்லாத இந்த விளையாட்டில், கிட்டத்தட்ட அதுதான் ஸ்டம்ப்.

பந்து அந்தப் பெட்டிக்குள் வந்தும் பேட்டர் அடிக்காவிட்டால் ஒரு ஸ்ட்ரைக். எங்கே வந்த பந்தாக இருந்தாலும், மட்டையைச் சுழற்றித் தவறவிட்டால் அதுவும் ஸ்ட்ரைக். 3 ஸ்ட்ரைக் ஆனால் அவுட். பந்து பெட்டிக்கு வெளியே போய், பேட்டரும் அதைத் தொடாமல் விட்டால் அதற்குப் பெயர் 'பால்'. நம்ம வைடு மாதிரி. 4 பால் ஆகிவிட்டால் பேட்டர் முதல் பேஸுக்கு இலவசமாக நடந்து போகலாம். அடிக்காமலேயே நடந்து போனவருக்குக் கைதட்டல் ஏன் என்பதற்கு விடை இதுதான். ஆசைப்பட்டு மட்டையை வீசாமல் பொறுமையாக நின்றதற்கான பாராட்டு அது.

கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பருக்குப் பின்னாலும் பந்தைத் தட்டி ரன் எடுக்கலாம். இங்கே அது நடக்காது. ஹோம் பிளேட்டில் இருந்து இருபுறமும் விரியும் இரண்டு கோடுகளுக்கு உள்ளே அடித்தால்தான் கணக்கு. வெளியே போனால் ஃபவுல். முதல் இரண்டு ஃபவுல்கள் ஸ்ட்ரைக்காகக் கணக்கிடப்படும். ஆனால், சாதாரண ஃபவுல் அடித்து மூன்றாவது ஸ்ட்ரைக் ஆகாது.

இன்னொரு பெரிய வித்தியாசமும் உண்டு. கிரிக்கெட்டில் தடுத்து ஆடிவிட்டு அப்படியே நிற்கலாம். பேஸ்பாலில் கோடுகளுக்குள் அடித்துவிட்டால் ஓடியே ஆக வேண்டும். அவர் முதல் பேஸைத் தொடுவதற்குள், பந்தோடு ஒரு ஃபீல்டர் அந்த பேஸைத் தொட்டுவிட்டால் அவுட். அடித்த பந்தைத் தரையில் விழாமல் பிடித்தாலும் அவுட். கோடுகளுக்குள் எல்லைச் சுவரைத் தாண்டி அடித்தால் ஹோம் ரன். 3 பேஸிலும் ஆட்கள் நிற்கும்போது ஹோம் ரன் அடித்தால் 4 ரன். இதற்கு கிராண்ட் ஸ்லாம் என்று பெயர்.

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 9 இன்னிங்ஸ் முடிந்து சமநிலை என்றால், முடிவு கிடைக்கும் வரை கூடுதல் இன்னிங்ஸ் நடக்கும். 2025 உலக சீரிஸின் 3-வது ஆட்டம் 18 இன்னிங்ஸ் வரை போனது. டொரன்டோ புளூ ஜேஸை லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் வென்றபோது இரண்டு முழு ஆட்டங்கள் ஆடிய களைப்பு இருந்திருக்கும்.

பேஸ்பால் எங்கே பிறந்தது?

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். அமெரிக்கா பேஸ்பாலின் மூலத்தைத் தேடப் போய்த்தான் சிக்கலில் மாட்டியது.

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருவருக்கு இடையே ஒரு வாக்குவாதம். இங்கிலாந்தில் பிறந்த பத்திரிகையாளர் ஹென்றி சாட்விக், 'ரவுண்டர்ஸ் என்ற ஆங்கிலேய விளையாட்டில் இருந்துதான் பேஸ்பால் வந்தது' என்றார். முன்னாள் வீரரும் விளையாட்டுப் பொருள் வியாபாரியுமான ஆல்பர்ட் ஸ்பால்டிங், 'இது அசல் அமெரிக்க விளையாட்டு' என்று அடித்துச் சொன்னார். தீர்ப்பு சொல்ல 1905-ல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் பெயர் மில்ஸ் கமிஷன்.

ஆப்னர் கிரேவ்ஸ் என்ற முதியவர் எழுதிய கடிதத்தை அந்தக் குழு முக்கிய சாட்சியாக எடுத்துக்கொண்டது. 'நியூயார்க் மாகாணத்தின் கூப்பர்ஸ்டவுனில் ஆப்னர் டபுள்டே என்பவர்தான் இதை உருவாக்கினார்' என்பது கடிதத்தின் சாரம். 1907 இறுதியில் குழுவின் முடிவும் வந்தது. 1839-ல் கூப்பர்ஸ்டவுனில் டபுள்டே கண்டுபிடித்தார் என்பதே அந்த முடிவு.

டபுள்டே அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்கேற்ற தளபதி. நாயகனாக நிறுத்த இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்குமா? ஆனால், 1839-ல் அவர் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில் மாணவராக இருந்தார். 1893-ல் இறக்கும் வரை, பேஸ்பாலைத் தான் கண்டுபிடித்ததாக அவர் உரிமை கோரியதே இல்லை. அப்படியிருந்தும் 'நூற்றாண்டு விழா' என்று 1939-ல் கூப்பர்ஸ்டவுனில் பேஸ்பாலின் ஹால் ஆஃப் ஃபேம் திறக்கப்பட்டது. கதை பொய் என்று வரலாற்று ஆய்வாளர்கள் நிறுவிய பிறகும் அருங்காட்சியகம் அதே ஊரில்தான் இருக்கிறது.

உண்மையான ஆதாரங்கள் என்ன சொல்கின்றன?

1744-ல் லண்டனில் ஜான் நியூபெரி வெளியிட்ட குழந்தைகள் புத்தகத்திலேயே 'பேஸ் பால்' என்ற பெயர் படத்துடன் இருக்கிறது. 1791-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் உள்ள பிட்ஸ்ஃபீல்டு நகரம் ஒரு தடை உத்தரவு போட்டது. புதிதாகக் கட்டிய பொதுக்கூடத்தின் ஜன்னல் கண்ணாடிகள் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக, அதைச் சுற்றி 80 கஜத்துக்குள் பேஸ்பால் உள்ளிட்ட ஆட்டங்களுக்குத் தடை. டபுள்டே பிறந்ததே 1819-ல். அதற்கு முன்பே தெருவில் கண்ணாடி உடைத்துக்கொண்டிருந்த விளையாட்டு இது!

இன்றைய வடிவத்துக்கான அடித்தளம் நியூயார்க்கில் போடப்பட்டது. 1845-ல் நிக்கர்பாக்கர் என்ற கிளப் தன் விதிகளை எழுதி வைத்தது. அதுவரை ஓடுபவர் மீது பந்தை எறிந்தே அவுட் ஆக்கும் பழக்கம் இருந்தது. நிக்கர்பாக்கர் விதிகள் அதைத் தடை செய்தன. ஆள் மீது எறிவதில்லை என்றான பிறகு கெட்டியான பந்தைப் பயன்படுத்த முடிந்தது, பந்தும் தூரமாகப் பறந்தது. 1846 ஜூன் 19-ல் நியூ ஜெர்சியின் ஹோபோக்கனில் நடந்த ஆட்டத்தில், விதிகளை எழுதிய அந்த கிளப்பே 23-1 என்று தோற்றுப்போனது தனிக்கதை.

9 இன்னிங்ஸ், 90 அடி தூரம் போன்றவை 1857-ல் பல கிளப்புகள் கூடிய மாநாட்டில் முடிவாயின. அதற்குத் தலைமை வகித்தவர் டாக்டர் டேனியல் ஆடம்ஸ். ஆனால், ஹால் ஆஃப் ஃபேமில் இந்தப் பெருமை நிக்கர்பாக்கர் கிளப்பின் இன்னொரு உறுப்பினரான அலெக்சாண்டர் கார்ட்ரைட்டின் பெயரில் பொறிக்கப்பட்டுள்ளது. ஆடம்ஸுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை.

ஏட்டில் ஏறாத பெயர்கள்

பிறப்புக் கதையில் பெயர் மாறிப்போனது ஒருபக்கம் என்றால், விளையாடியவர்களின் பெயரே பதிவேட்டில் இல்லாமல் போனது இன்னொரு பக்கம்.

1880-களில் மோசஸ் ஃபிளீட்வுட் வாக்கர் போன்ற கறுப்பின வீரர்கள் பெரிய லீக்கில் ஆடினார்கள். பிறகு அணி உரிமையாளர்கள் கறுப்பினத்தவரைச் சேர்ப்பதை நிறுத்திக்கொண்டனர். இது எந்த விதிப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. எழுதாத அந்த விதிதான் 60 ஆண்டுகளுக்கு மேல் மற்ற எல்லா விதிகளையும்விடக் கறாராகப் பின்பற்றப்பட்டது. கறுப்பின வீரர்கள் தங்களுக்கென்று தனி லீக்குகளை நடத்திக்கொண்டார்கள்.

1947 ஏப்ரல் 15-ல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக ஜாக்கி ராபின்சன் களமிறங்கியபோதுதான் அந்தச் சுவர் உடைந்தது. அவர் அணிந்த 42 என்ற எண்ணை 1997 முதல் எல்லா அணிகளும் அவருக்கான மரியாதையாக ஒதுக்கி வைத்துள்ளன. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 அன்று மட்டும் எல்லா வீரர்களும் 42-ஐ அணிந்து ஆடுவார்கள்.

ஆனால், அந்தத் தனி லீக்குகளில் அடித்த ரன்கள் அதிகாரபூர்வ கணக்கில் வர 2024 மே வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1920 முதல் 1948 வரை ஆடிய 2,300-க்கும் மேற்பட்ட வீரர்களின் புள்ளிவிவரங்கள் அப்போது சேர்க்கப்பட்டன. உடனே சாதனைப் பட்டியலே தலைகீழானது. முதலிடத்தில் இருந்த டை காப்பை முந்தி, .372 என்ற பேட்டிங் சராசரியோடு ஜாஷ் கிப்சன் மேலே வந்தார். 1,000 வாய்ப்புகளில் 372 முறை வெற்றிகரமாக அடித்தார் என்று இதற்கு அர்த்தம். 10-ல் 3 முறை அடித்தாலே நட்சத்திரம் என்று கொண்டாடும் விளையாட்டு இது.

கிப்சன் இறந்தது 1947 ஜனவரியில், 35 வயதில். ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்றே மாதம் முன்பு.

இப்போது என்ன மாறுகிறது?

ஆட்டம் ரொம்ப நேரம் இழுக்கிறது என்ற புகாருக்கு, 2023-ல் பிட்ச் கிளாக் வந்தது. பேஸில் ஆள் இல்லாவிட்டால் பிட்ச்சர் 15 விநாடிக்குள் வீசத் தொடங்க வேண்டும். இதனால் சராசரி ஆட்ட நேரம் சுமார் 24 நிமிடம் குறைந்தது.

அடுத்த மாற்றம் 2026 சீசனுக்கானது. ஸ்ட்ரைக்கா, பாலா என்ற நடுவரின் முடிவை எதிர்த்து வீரர்கள் கேமரா தொழில்நுட்பத்திடம் முறையிடலாம். நம்ம டிஆர்எஸ் மாதிரியேதான். பேட்டர், பிட்ச்சர், கேட்சர் ஆகிய மூவர் மட்டுமே கேட்க முடியும். தலையைத் தட்டிக் காட்டினால் போதும். அணிக்கு 2 வாய்ப்பு, முறையீடு சரியாக இருந்தால் வாய்ப்பு பறிபோகாது.

இந்தியாவுக்கும் பேஸ்பாலுக்கும் ஒரு சின்ன இழை உண்டு. 2008-ல் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு ஈட்டி எறிதல் வீரர்கள் ஒரு டிவி போட்டி மூலம் தேர்வாகி, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியுடன் ஒப்பந்தம் செய்தனர். (இப்போதைய கிரிக்கெட் வீரர் ரிங்கு சிங் வேறு.) இவர்களின் கதைதான் 2014-ல் ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் 'மில்லியன் டாலர் ஆர்ம்' படமாக வந்தது. ஆனால், இருவராலும் மேஜர் லீக் ஆட்டம் வரை போக முடியவில்லை.

2028-ல் டாட்ஜர்ஸ் அணியின் சொந்த மைதானத்தில் ஒலிம்பிக் பேஸ்பால் நடக்கப்போகிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது ஜப்பான், இறுதிப் போட்டியில் தோற்றது அமெரிக்கா. இங்கிலாந்துக் குழந்தைகள் ஆடியதை, நியூயார்க் கிளப்புகள் செதுக்கியதை, ஒதுக்கப்பட்டவர்கள் தனியாக நின்று வளர்த்ததை, இன்று ஜப்பான் உச்சத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது. 'கண்டுபிடித்தவர் யார்?' என்ற கேள்விக்கு ஒரே ஒரு பெயரை எழுதப் போய்த்தான் மில்ஸ் கமிஷன் கோட்டைவிட்டது.