தாளம் தெரிந்தால் ஃபிளாஷ் எதற்கு?

பங்குனிப் பெருவிழாவின் ஐந்தாம் நாள் இரவு, கபாலீசுவரர் வெள்ளி ரிஷபத்தில் ஏறிக் கோபுர வாசலுக்கு வரும்போது மயிலாப்பூரில் எல்லாக் கைகளும் ஒன்றாக மேலே போகின்றன. முன்பெல்லாம் கும்பிட, இப்போது படம் பிடிக்க. பளிச் பளிச்சென்று ஃபிளாஷ்கள் வெட்டுகின்றன. மறுநாள் வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களில் முன்வரிசைக்காரரின் வழுக்கை மட்டும் ஜொலிக்கிறது. சுவாமி பின்னால் எங்கோ இருட்டில் இருக்கிறார்.

இதில் கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. தூரம் இரண்டு மடங்கானால் ஃபிளாஷ் வெளிச்சம் நான்கில் ஒன்றாகக் குறையும். 2 மீட்டரில் நிற்கும் தலைக்குக் கிடைக்கும் ஒளியில் 25இல் ஒரு பங்குதான் 10 மீட்டரில் வரும் வாகனத்துக்குப் போய்ச் சேரும். படத்துக்கு உதவாத அந்த ஒளி, கண்ணைக் கூசவைக்க மட்டும் தாராளமாகப் போதும். கனத்த தண்டைத் தோளில் தாங்கி, கால் வைக்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்து ஆடி வரும் ஸ்ரீபாதம் தாங்கிகளின் கண் அது.

ஃபிளாஷை விட்டால் செல்பேசியின் இரவுப் பயன்முறை. அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்து ஒன்றாக ஒட்டுகிற வித்தை அது. அசையாத கோபுரம் அதில் அழகாக வரும். ஆடுகிற வாகனத்துக்குப் பல நேரம் ஆவி உருவம்தான் கிடைக்கும்.

அப்படியானால் ஆடி வரும் சுவாமியை எப்படித்தான் எடுப்பது? கருவி அளவில் பாதி வழி ஏற்கெனவே திறந்துவிட்டது. 400 ஐஎஸ்ஓ ஃபிலிம் சுருளில் 1/8 விநாடி தேவைப்பட்ட காட்சியை, இன்றைய கேமராவில் 6400 வைத்தால் 1/125 விநாடியில் பிடித்துவிடலாம். படத்தில் கொஞ்சம் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெரியும். தெரியட்டுமே.

மீதிப் பாதி காதில் இருக்கிறது. ஊஞ்சல் இரு முனையிலும் ஒரு கணம் நின்றுதானே திரும்புகிறது? வாகனமும் அப்படித்தான். நாகசுரமும் தவிலும் முழங்க, தாங்கிகள் ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் திரும்பும் அந்த நொடியில் வேகம் ஏறக்குறைய இல்லை. அங்கே 1/60 போதும். சிவராத்திரி நாட்டியாஞ்சலி மேடையிலும் இதே கணக்குதான். சிதம்பரத்தில் 1981 முதல் நடந்துவரும் அந்த விழாவில் சுழன்று ஆடுகிறவர், ஜதியை முடிக்கும் தீர்மானத்தின் கடைசித் தட்டில் சிலைபோல் நிற்பார். தாளம் போடத் தெரிந்தவருக்கு அந்தத் தட்டு எப்போது விழும் என்பது முன்கூட்டியே தெரியும். தெரியாதவர் விநாடிக்கு இருபது படம் சுட்டுத் தள்ளிவிட்டு, விடிய விடிய அழித்துக்கொண்டிருப்பார். லட்ச ரூபாய் லென்ஸை விட லய ஞானம் மலிவு, வாங்கத்தான் கடை கிடையாது.

விளக்குகளும் மெதுவாகப் போ என்றே சொல்கின்றன. பெட்ரோமாக்ஸ் போய் எல்இடி வந்துவிட்டது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. ஷட்டரை 1/1000க்கு விரட்டினால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும். 1/50 அல்லது 1/100 என்றால் பெரும்பாலும் தப்பிக்கலாம். இன்னொரு தொல்லை கேமராவின் ஒளிக்கணக்கு. இருண்ட வீதியைப் பார்த்து அது வெளிச்சத்தைக் கூட்டிவிட, தீபாராதனைச் சுடரும் வெள்ளிக் காளையும் வெளுத்துப்போகும். ஒரு படி குறைத்து வைப்பது நல்லது.

கொஞ்சம் கலங்கினால்தான் என்ன? 1935 முதல் 1937 வரை நியூயார்க்கில் பாலே குழுக்களைச் சிறிய 35 மி.மீ. கேமராவில் எடுத்த அலெக்ஸி புரோடோவிச், ஃபிளாஷைத் தொடாமல் கலங்கலை அப்படியே விட்டார். 1945இல் வெளியான ‘பாலே’ என்ற அந்தத் தொகுப்பை நடனப் படங்களின் முன்னோடி என்று இன்றும் பேசுகிறார்கள். சுவாமியின் முகம் நிலைத்து நிற்க, தாங்கிகளின் கால்களும் வெண்சாமரமும் கோடுகளாக இழுபட்ட ஒரு படம், ஆணி அடித்தாற்போல் உறைந்த படத்தை விட அன்றைய இரவுக்கு நெருக்கமானது.

தி. நகர் சபாக்களிலும் அடையாறு பக்கத்து அரங்குகளிலும் ஃபிளாஷ் வேண்டாம் என்று சொன்னால் ரசிகர்கள் முணுமுணுக்காமல் கேட்கிறார்கள். கோயிலுக்குள் செல்பேசிக்கே தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. மாட வீதிகள் கோயிலுக்கு வெளியே இருப்பதால் அங்கே எதுவும் செய்யலாம் என்றாகிவிட்டது. வீதியில் செல்பேசியைத் தடை செய்ய முடியாது, செய்யவும் வேண்டியதில்லை. ஆடுகிறவர் கண்ணில் ஒளி அடிக்காமல் இருந்தால் போதும். இதே பெருவிழாவின் அறுபத்துமூவர் உலாக் கூட்டத்தில் நகை பத்திரம், குழந்தை பத்திரம் என்று ஒலிபெருக்கி விடாமல் எச்சரிக்கிறது. அந்த வரிசையில் ஃபிளாஷை அணையுங்கள் என்று ஒரு வரி சேர்க்க அறநிலையத் துறைக்குத் தனி அரசாணை எதுவும் தேவைப்படாது.