பெயரிட்டவன் யார்?

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகவேண்டும். அங்கே என்ன இருக்கிறது? அருவி இருக்கிறது என்பான் உல்லாசப் பயணி. அறப்பளீசுவரர் இருக்கிறார் என்பான் பக்தன். சாமையும் தினையும் மிளகும் விளைவிக்கும் மலையாளிப் பழங்குடி மக்கள் இருக்கிறார்கள் என்பான் உழைப்பின் அருமை அறிந்தவன். கணினியைக் கேட்டால் என்ன சொல்லும்?

இணையத்தில் குவிந்து கிடக்கும் கோடிக்கணக்கான பக்கங்களை இன்று இயந்திரமே வகை பிரிக்கிறது. இது வேளாண்மை, இது சுற்றுலா, இது மருத்துவம் என்று மனிதர் பெயரிட்ட பக்கங்களை முதலில் அதற்குக் காட்டுகிறார்கள். எந்தச் சொல் எந்த வகையில் அடிக்கடி வருகிறது என்று அது எண்ணிக் கற்கிறது. புதுப் பக்கம் வந்தால் அந்தக் கணக்கைக் கொண்டே தீர்ப்பளிக்கிறது. 1961லேயே மேரன் என்ற அமெரிக்க அறிஞர் இம்முறையைச் சோதித்துப் பார்த்தார். மந்திரமுமில்லை, மாயமுமில்லை, எண்ணிக்கைதான்!

"இயந்திரத்துக்கு ஏது வஞ்சகம்?" என்பர் சிலர். வஞ்சகம் இல்லைதான். ஆனால் ஊட்டியதைத்தானே அது உமிழும்? 'மலையாளி' என்றால் கேரளத்தார் என்று மட்டுமே கற்ற இயந்திரம், கொல்லிமலைத் தமிழனின் பக்கத்தைக் கேரளப் பெட்டியில் போடும். பூச்சிக்கொல்லியையும் உயிர்க்கொல்லியையுமே கண்டு பழகிய இயந்திரம், சொல்லைத் துண்டாக்கிப் படிக்கையில், கொல்லிமலைச் சாமையை நஞ்சுப் பெட்டியில் போட்டாலும் வியப்பில்லை. சலுகை விவரம் தேடும் பழங்குடி மாணவன் கண்ணில் அந்தப் பக்கம் படுமா? பெட்டி மாறினால் வாழ்வே மாறும், தோழர்களே!

மனிதனைப் பிறப்பால் வகை பிரிக்க உனக்கு உரிமை தந்தவன் யார் என்று கேட்டு வளர்ந்த இயக்கம் இது. அதே கேள்வியை இங்கும் கேட்போம்: பெயரிட்டவன் யார்?

உலக வலைப் பக்கங்களைத் திரட்டி வைத்திருக்கும் காமன் கிராலில் ஆங்கிலம் 40 விழுக்காட்டுக்கு மேல். தமிழோ ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. 1999இல் சென்னையில் தமிழிணைய மாநாடு கூட்டி, ஆளுக்கொன்றாய்க் கிடந்த விசைப்பலகைக்குப் பொதுநெறி கண்டது கலைஞர் அரசு. அடுத்த படி இதுவே: தமிழ்ப் பக்கங்களை வகையிட்ட பொதுத் திரட்டு ஒன்றை அரசே உருவாக்கட்டும். மலைப் பக்கத்துக்குப் பெயரிடும் வேலையை மலைமக்களின் பிள்ளைகளுக்கே கூலி கொடுத்துத் தரட்டும். நாமும் நம் ஊரையும் தொழிலையும் நம் தமிழில் எழுதிக் குவிப்போம்.

எழுதாதவன் எண்ணப்படமாட்டான். எண்ணப்படாதவனுக்குப் பெட்டியும் இல்லை, பங்கும் இல்லை!