கணிப்பொறி மாறினால் கணக்கும் மாறுமா?



எங்கள் வரிச்சிக்குடியிலிருந்து வடக்கே பூவம் வழியாகச் சென்று நண்டலாற்றைக் கடந்தால் தமிழ்நாடு வந்துவிடும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால். அந்தப் பக்கம் பொறையாறு. பேச்சு ஒன்று, பயிர் ஒன்று, சொந்தபந்தமும் ஒன்றுதான். ஆனால் இங்குள்ள வீட்டின் மின்கட்டணத்தை அங்குள்ள மின்வாரிய அலுவலகத்தில் கட்ட முடியாது. வண்டி எண்ணின் முன்னெழுத்து வேறு. பள்ளிப் பாடத்திட்டமும் வேறு. ரூபாய் நோட்டோ இரு கரையிலும் செல்லும். எது ஆற்றைத் தாண்டிச் செல்லும், எது செல்லாது என்று பார்க்கும் பழக்கம் எல்லையோரத்தில் வாழ்பவர்களுக்கு இயல்பாகவே வந்துவிடுகிறது. கணிப்பொறியில் நிரல் எழுதக் கருவி தேடும்போதும் அந்தப் பழக்கம் வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

அண்மையில் எங்கள் தெருவைச் சேர்ந்த பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் வீட்டுப் பழைய கணிப்பொறியைப் பற்றிக் கேட்டான். அதில் இருந்தது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதி அந்தக் கணிப்பொறிக்கு இல்லை. எனவே லினக்ஸ் என்னும் இயக்க முறைமையை நிறுவியிருக்கிறார்கள். கல்லூரியில் படித்த அவனுடைய அக்காவின் குறிப்பேட்டில் டர்போ சி என்று இருந்தது. பொறையாற்றில் படிக்கும் மாமா மகள் தேவ் சி++ என்றாள். அவனுடைய பள்ளியிலோ பைத்தான். “சார், புது சிஸ்டத்தில் இதில் எதைப் போட்டுக்கொள்வது?” என்பது அவன் கேள்வி.

நல்ல கேள்வி. ஆனால் விடை ஒரு மென்பொருளின் பெயர் அல்ல. ஏன் என்பதை என் சொந்த அனுபவத்திலிருந்தே சொல்லுகிறேன்.

நான் முதுகலை இயற்பியல் படித்த நாளில், தடையுறு அலைவுகளைத் திரையில் வரைந்து காட்டும் நிரல் ஒன்றை டர்போ சி-யில் எழுதினேன். ஏறத்தாழ நானூறு வரிகள். மூன்று மாத உழைப்பு. சில ஆண்டுகளுக்குப் பின், ஆசிரியராகி, அதை என் மாணவர்களுக்குக் காட்ட விரும்பிப் புதிய கணிப்பொறியில் இயக்கினேன். இந்த நிரல் இங்கே இயங்காது என்று ஒரு செய்தி வந்து நின்றது. என் சமன்பாடுகளில் பிழை இல்லை. இயற்கையின் விதிகளும் மாறிவிடவில்லை. பின் நடந்தது என்ன?

மதகும் நிரலும்

காவிரிப் படுகையில் பிறந்த உங்களுக்கு மதகைத் தெரியும். தண்ணீர் வேண்டும் என்பதற்காக ஒவ்வொருவரும் மண்வெட்டியோடு போய் வாய்க்காலை வெட்டிவிட்டால் என்ன ஆகும்? அதனால்தான் மதகைத் திறந்து மூட ஒரு பணியாளர் இருக்கிறார். நாம் அவரிடம் கேட்கிறோம். கணிப்பொறியில் இயக்க முறைமை செய்யும் வேலை இதுவே. திரையில் எழுத, கோப்பைத் திறக்க, விசைப்பலகையைப் படிக்க, நிரலானது இயக்க முறைமையிடம் கேட்க வேண்டும். கேட்கும் முறை டாஸில் ஒன்று, விண்டோஸில் வேறொன்று, லினக்ஸில் இன்னொன்று.

1981-இல் வந்த எம்.எஸ். டாஸ் காலத்தில் இந்தக் கட்டுப்பாடு தளர்வாக இருந்தது. விரைவுக்காகப் பல நிரல்கள் பணியாளரைக் கேளாமலே திரையின் நினைவகத்தில் நேரடியாக எழுதின. டர்போ சி-யின் படம் வரையும் பகுதியும் அப்படிப்பட்டதே. மேலும் அது உருவாக்கியது 16 பிட் நிரல். 32 பிட் விண்டோஸ், இன்டெல் வகைச் செயலியில் இருந்த ஒரு தனி வசதியைக் கொண்டு அத்தகைய பழைய நிரல்களை ஓரளவு இயக்கிவந்தது. செயலி 64 பிட் முறையில் வேலை செய்யும்போது அந்த வசதி கிடைப்பதில்லை. ஆகவே என் நானூறு வரிகள் கரை தாண்ட முடியாமல் நின்றுவிட்டன.

டர்போ சி-யைக் குறை கூறுவது என் நோக்கமன்று. 1987-இல் அது வந்தபோது, நிரலை எழுதவும், மொழிபெயர்க்கவும், இயக்கவும், பிழை உள்ள வரியைச் சுட்டிக்காட்டவும் ஒரே திரையில் வழிசெய்த அருமையான கருவி அது. சில பிளாப்பி வட்டுகளில் அடங்கிவிடும். மெதுவான இயந்திரத்திலும் விரைந்து ஓடும். வசதி குறைந்த நம் ஆய்வுக்கூடங்களுக்கு அது ஒரு வரமாகவே இருந்தது. கருவி ஓய்வு பெற்ற பிறகும் அதையே பாடமாக வைத்திருந்தோமே, அது தான் நம் தவறு. இன்றுங்கூட டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளால் பழைய கணிப்பொறியைப் போல ஒரு போலி இயந்திரத்தை உண்டாக்கி, அதற்குள் டர்போ சி-யை ஓட்டிப் பயிற்சி பெறுபவர்கள் இருக்கிறார்கள். பழைய நிரலை மீட்பதற்கு அது நல்ல வழி. புதிதாகக் கற்க வருபவனுக்கு அது வழியாகாது என்பது என் கருத்து.

காரணம் ஒன்று சொல்லுகிறேன். டர்போ சி-யில் முழு எண் ஒன்றுக்கு 16 பிட் இடம். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. அங்கே 200-ஐ 200-ஆல் பெருக்கினால் விடை 40,000 அல்ல, –25,536! அதே வரியை இன்றைய கணிப்பொறியில் உள்ள வழக்கமான சி கம்பைலரில் கொடுத்தால் 40,000 என்றே வரும். அங்கே முழு எண்ணுக்கு 32 பிட். சி மொழியின் 1989-ஆம் ஆண்டுத் தர விதி, முழு எண்ணுக்குக் குறைந்தது 16 பிட் வேண்டும் என்று மட்டுமே சொல்லுகிறது. ஆனால் “முழு எண் என்றால் இரண்டு பைட்” என்று மனப்பாடம் செய்தவன் ஒரு கருவியின் பழக்கத்தை மொழியின் விதியென்று எண்ணிக்கொள்கிறான். கல்லூரிக்கோ நேர்முகத் தேர்வுக்கோ போய், “நீ படித்தது தவறு” என்று கேட்கும்போது, ஊர்ப்பக்கத்திலிருந்து வந்த மாணவன் தன் அறிவின் மீதே ஐயம் கொள்கிறான். இதுதான் எனக்கு வேதனை அளிப்பது.

இது புதிய சிக்கல் அன்று

2014 ஏப்ரல் 8-ஆம் தேதி விண்டோஸ் எக்ஸ்பி-க்கான ஆதரவு முடிந்தபோது, தமிழ்நாடு அரசு தன் துறைகளை பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி கேட்டுக்கொண்டது. பாஸ் என்பது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இந்திய இயக்க முறைமை. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்கள் பெற்ற கணினிகளிலும் விண்டோஸுடன் பாஸ் இடம்பெற்றிருந்தது. ஆனால் எத்தனை பேர் அந்த இரண்டாம் கதவைத் திறந்து பார்த்தோம்? விண்டோஸில் மட்டும் ஓடும் கருவியைக் கற்றவனுக்கு அந்தக் கதவு இருந்தும் பயனில்லை.

தமிழ் எழுத்துகளிலும் இதே கதைதான். ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு என்று இருந்த நாளில், ஒரு கணிப்பொறியில் தட்டிய கட்டுரை மற்றொன்றில் புரியாத கிறுக்கலாகத் தெரிந்தது. 1991-இல் வந்த யூனிகோடில் தமிழ் இடம்பெற்றது. தமிழ்நாடு அரசு அதை 2010-இல் தரமாக ஏற்றது. இன்று உங்கள் கைப்பேசியில் எழுதியது எந்த இயந்திரத்திலும் தமிழாகவே தெரிகிறது. பொதுத்தரத்தின் ஆற்றல் அது.

என் துறையிலிருந்து இன்னொரு சான்று. ஃபோர்ட்ரான் மொழி 1957-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினரால் உருவானது. தர விதி எழுதப்பட்ட மொழி என்பதால், ஃபோர்ட்ரான் 77 விதிப்படி எழுதிய நிரல்களை இன்றைய கம்பைலர்களும் ஏற்கின்றன. அந்த மொழியில் 1992-இல் வெளிவந்த லாபேக் என்னும் கணித நிரல் தொகுப்பு இன்றும் பயன்படுகிறது. என் நிரலைவிட வயதில் மூத்தது. ஆனால் என் நிரல் நின்றுவிட்டது, அது ஓடுகிறது!

நான்கு கேள்விகள்

ஆகவே ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது, இது ஒன்றுக்கு மேற்பட்ட இயக்க முறைமைகளில் ஓடுமா? இரண்டாவது, இதன் மொழிக்கு எல்லாரும் ஏற்ற, எழுதப்பட்ட விதிகள் உண்டா? மூன்றாவது, பள்ளியில் பயன்படுத்துவதை வீட்டிற்கும் சட்டப்படி, செலவின்றி எடுத்துச் செல்ல முடியுமா? நான்காவது, நான் எழுதும் நிரலும் அளவீடுகளும் எந்த எழுது மென்பொருளிலும் திறக்கக்கூடிய எளிய உரைக் கோப்புகளாக இருக்குமா?

மாமா மகளின் தேவ் சி++ முதல் கேள்வியில் தடுமாறும். அது முதன்மையாக விண்டோஸுக்கானது. ஆனால் பெட்டி வேறு, உள்ளே இருக்கும் உளி வேறு என்பதை மறக்க வேண்டாம். தேவ் சி++ என்பது பெட்டி. அதனுடன் வரும் கம்பைலர் ஜி.சி.சி.; ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-இல் வெளியிட்டது. அதே ஜி.சி.சி. லினக்ஸிலும் உண்டு. எனவே அவள் தர விதிப்படி எழுதிய சி++ நிரல் ஆற்றின் இக்கரையில் எங்கள் தெருப் பையனின் லினக்ஸிலும் ஓடும். கீனி, கோட் பிளாக்ஸ் போன்ற பெட்டிகள் இரண்டிலும் கிடைக்கின்றன. அவனுடைய பைத்தானுக்கும் இந்த நான்கு கேள்விகளில் தேர்ச்சி உண்டு. ஐடில் என்னும் அதன் எளிய பெட்டியும், தானி என்பதும் தொடக்க நிலைக்குப் போதும்.

“அப்படியானால் பைத்தான் படித்தால் கவலை இல்லையா?” என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் முழு உண்மையன்று. 2008-இல் பைத்தான் 3 வந்தது; பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்தது. பழைய பதிப்பில் 1/2 என்று எழுதினால் விடை 0, புதியதில் 0.5. இயக்க ஆற்றலுக்கான சூத்திரத்தை 1/2 என்று தொடங்கி எழுதியவருக்குப் பழைய பதிப்பில் ஓடும் பேருந்துக்கும் ஆற்றல் சுழி! எந்தக் கருவியும் நிலையானதன்று. நல்ல கருவி, மாறும்போது என்ன மாறியது என்பதை எழுதி வைத்துவிட்டு மாறும். நல்ல மாணவன், விடையைக் கையால் ஒருமுறை சரிபார்த்துவிட்டு நம்புவான்.

இனி என் நானூறு வரிகளின் முடிவைச் சொல்லுகிறேன். அச்சிட்டு வைத்திருந்த தாள்களைத் தேடி எடுத்தேன். சமன்பாடுகளைக் கணக்கிடும் பகுதி தூய சி மொழியில் இருந்தது. அதை ஒரு மாலைப் பொழுதில் மீண்டும் தட்டி ஜி.சி.சி.-யில் கொடுத்தேன், ஓர் எழுத்தும் மாற்றாமல் ஓடியது. திரையில் வரையும் பகுதி முழுவதையும் எறிந்துவிட்டுப் புதிதாக எழுதினேன். அன்றே இரண்டையும் தனித்தனிக் கோப்புகளாக வைத்திருந்தால் இந்தப் பாடு இல்லை. கணக்கை ஒரு பக்கமும், கணிப்பொறியைச் சார்ந்தவற்றை மறு பக்கமும் வையுங்கள். கரை மாறும்போது பாதியை மட்டும் மாற்றினால் போதும்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எந்த விசையை அழுத்தினால் நிரல் ஓடும் என்று வினா கேட்பதை விட்டுவிட்டு, இந்த நிரல் என்ன விடை தரும், ஏன் என்று கேட்போம். ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு கணிப்பொறியிலாவது வேறொரு இயக்க முறைமையை வைப்போம்.

மாணவர்களே, இந்த வாரம் ஒரு சோதனை செய்து பாருங்கள். நீங்கள் எழுதிய ஒரு நிரலை எடுத்துக்கொண்டு, வேறு இயக்க முறைமை உள்ள நண்பன் வீட்டுக்குப் போங்கள். அங்கே ஓட்டுங்கள். அதே விடை வந்தால் மகிழுங்கள். வராவிட்டால் இன்னும் மகிழுங்கள். எது உங்கள் கணக்கு, எது கணிப்பொறியின் பழக்கம் என்று பிரித்தறியும் வாய்ப்பு அன்று உங்களுக்குக் கிடைத்துவிட்டது.