ரேகை விழாத கைகள்

'கைநாட்டு' என்பது தமிழில் ஒரு வசவு. என் பாட்டன் கைநாட்டு. அப்பா தட்டுத் தடுமாறிக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார். நான் பட்டம் வாங்கி, வங்கியில் குமாஸ்தாவாகி, தினமும் நூறு காகிதத்திலாவது கையெழுத்துப் போடுகிறேன். கட்டைவிரலிலிருந்து பேனாவுக்கு வந்து சேர எங்களுக்கு மூன்று தலைமுறை ஆயிற்று. வந்து பார்த்தால், தேசமே பேனாவை மூடி வைத்துவிட்டு விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறது. ரேஷனுக்கு விரல், பென்ஷனுக்கு விரல், செல்போனைத் திறக்க விரல். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் காலையில் ஆபீஸ் கதவைத் திறப்பதும் விரலால்தான். ஆனால் அவர் கைநாட்டு இல்லையாம், பயோமெட்ரிக்காம். இங்கிலீஷில் சொன்னால் தீட்டுக் கழிந்துவிடும் போல.

துரோணன் ஏகலைவனிடம் ஒரு கட்டைவிரலைத்தான் கேட்டான். ஆதார் பத்து விரலையும் கேட்டது. கொடுத்தோம். 2010 செப்டம்பரில் மகாராஷ்டிராவின் நந்துர்பார் மாவட்டத்தில் தெம்ப்ளி என்கிற ஆதிவாசி கிராமத்தில்தான் முதல் எண்ணைக் கொடுத்தார்கள். நல்ல காரியங்களில் நம்மை முதலில் கூப்பிடுகிற வழக்கம் இந்த நாட்டில் இல்லை. அப்போதே கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பத்திரிகைகளின் அறிவியல் பக்கத்தில் வருஷத்துக்கு ஒருமுறையாவது இந்த அதிசயம் வரும்: தாயின் கருவில் மூன்று, நான்கு மாதத்திலேயே விரல் ரேகை உருவாகிவிடுகிறது, இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை, சாகும்வரை மாறுவதுமில்லை. சரிதான். ஆனால் அந்தப் பக்கம் சொல்லாமல் விடுகிற சேதி ஒன்று உண்டு. இந்த வித்தை லண்டனில் பிறக்கவில்லை, இங்கேதான் பிறந்தது. 1858 இல் வங்காளத்தின் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்கிற வெள்ளைக்கார அதிகாரி, சாலைக்குச் சரளை சப்ளை செய்ய ஒப்பந்தம் போட்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையில் மை தடவி, பத்திரத்தின் பின்பக்கம் பதித்துக்கொண்டார். பின்னால் 'இது என் கையெழுத்து இல்லை' என்று சொல்லிவிடக் கூடாதே என்று பயமுறுத்தத்தான். 1877 இல் ஹூக்ளியில் பென்ஷன்காரர்களிடமும் கைதிகளிடமும் ரேகை வாங்கினார். பென்ஷன்காரரும் கைதியும் ஒரே வரிசையில் நின்றார்கள் என்பதைக் கவனியுங்கள். இந்த ஏற்பாட்டின் குணம் முழுக்க அதில் இருக்கிறது. எதிரே நிற்கிறவன் பொய் சொல்கிறான் என்பதுதான் தொடக்கம்.

உலகத்தின் முதல் ரேகைக் காப்பகம் 1897 இல் கல்கத்தாவில் வந்தது. ரேகைகளை வகைபிரித்து அடுக்குகிற கணக்கை உருவாக்கியதில் பெரும்பங்கு அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்கிற இரண்டு போலீஸ்காரர்களுடையது. முறைக்கு என்னவோ அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர்தான் நின்றது. உழுதவன் ஒருவன், பட்டா ஒருவன் பெயரில். நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டு ஜனங்கள் குற்றப்பரம்பரைச் சட்டத்தை 'ரேகைச் சட்டம்' என்றே சொன்னார்கள். ரேகை வைக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3 ஆம் தேதி பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டது. ஒரு பெண் உட்பட 15 பேருக்கும் மேல் செத்தார்கள். அவர்கள் பிரமலைக் கள்ளர்கள். அந்த வட்டாரத்தில் அவர்களுக்கும் நமக்கும் இருக்கிற கணக்கு வேறு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பிறப்பை வைத்து ஒரு கூட்டத்தையே திருடன் என்று எழுதி விரலைக் கேட்டால் கொடுக்க மாட்டேன் என்று நின்றார்களே, அந்த நியாயம் நமக்கும் சொந்தமானது.

இப்போது முக்கியமான ஆளுக்கு வருவோம். பிரான்சிஸ் கால்டன். உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் என்று பிரித்து, உயர்ந்ததைப் பெருக்க வேண்டும் என்று சொன்ன இனமேம்பாட்டுச் சித்தாந்தத்துக்குப் பெயர் வைத்தவர். அவர் 1892 இல் கைரேகை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். விரலில் இனமும் வர்க்கமும் தெரிகிறதா என்று தேடினார். ஆங்கிலேயர், வெல்ஷ்காரர், யூதர், கறுப்பர் என்று ரேகை சேகரித்தார். படித்த மேதாவிகளின் ரேகையையும் பண்ணைக் கூலிகளின் ரேகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்று எழுதியும் வைத்தார். கூலிக்காரன் ரேகைக்கும் கனவான் ரேகைக்கும் வித்தியாசம் இல்லை. தேடியவர் நம் ஆள் இல்லை என்பதால் இந்தச் சாட்சியத்துக்கு மதிப்பு அதிகம். மனுவின் சீடர்கள் யாராவது தேடியிருந்தால் பிரம்மாவின் பாதரேகையைக் கண்டுபிடித்துக் கொடுத்திருப்பார்கள்.

ஆக, இயற்கை விரலில் சாதியை எழுதவில்லை. கால்டனால் கண்டுபிடிக்க முடியாததை இன்றைக்கு உள்ளங்கை அகல மிஷின் ஒன்று கண்டுபிடிக்கிறது. எப்படி? ரேகையில் இல்லாத வித்தியாசம் ரேகையின் தேய்மானத்தில் இருக்கிறது. சிமெண்டு காரம், சுண்ணாம்பு காரம். செங்கல், கருங்கல், கதிர் அரிவாள், துணி சோப்பு, பினாயில், தோல் பதனிடுகிற ரசாயனம், இவை எல்லாம் விரல் நுனியைத் தின்கின்றன. இந்த வேலைகளை யார் செய்கிறார்கள் என்பது யாரும் அறியாத ரகசியமா? பிறக்கும்போது இல்லாத சாதியை வேலை விரலில் எழுதுகிறது. மிஷின் அதைப் படித்துவிட்டு 'பொருந்தவில்லை' என்கிறது.

அமெரிக்காவில் ஜான் டில்லிஞ்சர் என்று ஒரு வங்கிக் கொள்ளைக்காரன் இருந்தான். போலீஸிடமிருந்து தப்பிக்க 1934 இல் டாக்டருக்குப் பணம் கொடுத்து விரலில் ஆசிட் வைத்து ரேகையை அழிக்கப் பார்த்தான். முழுசாக அழியவில்லை. செத்தபிறகு அவனை அடையாளம் காண மிச்சமிருந்த ரேகை போதுமானதாக இருந்தது. அவனால் காசு கொடுத்தும் முடியாததை நம் சித்தாள் பெண்கள் கூலி வாங்கிக்கொண்டே செய்து முடிக்கிறார்கள்.

நான் வேலை பார்க்கிற இடத்தில் மாதத்தின் முதல் பத்து நாள் இதே கூத்து. முதியோர் பணம் வாங்க வருகிறவர்கள் மிஷினில் விரலை வைப்பார்கள். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைப்பார்கள். சிவப்பு விளக்கு. தேங்காய் எண்ணெய், ஈரத்துணி, எலுமிச்சம்பழம் என்று வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாம் வைத்தியம் சொல்வார்கள். ஒருநாள் ஒரு பெரியம்மாவிடம் என் சக ஊழியர், "பாட்டி, இது உங்க விரல் இல்லேங்குது மிஷினு" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். அந்தம்மா சொன்னது: "எவ்வளவு வருசமா இந்தக் கையாலதான தம்பி சாந்துச்சட்டி தூக்குனேன். வேல வாங்குறப்ப யாரு கையின்னு ஒருத்தனும் கேக்கலியே. காசு வாங்குறப்பதான் இது எங் கையி இல்லியா?"

அர்த்தசாஸ்திரம் படித்தவன் யாரும் இதற்குப் பதில் சொல்லியதாகத் தெரியவில்லை. எங்கள் இடத்தில் சொன்ன பதில்: "ரெண்டு நாள் வேலைக்குப் போகாம, கையில எண்ணெய் தடவிக்கிட்டு இருந்துட்டு வாங்க." வைத்தியப்படி இது சரியான யோசனை. ஓய்வு கொடுத்தால் தேய்ந்த ரேகை மீண்டும் வளரும். ஆனால் ஓய்வு கிடைக்கிற ஜாதகமாக இருந்தால் அந்தம்மா ஏன் இந்த வயதில் சாந்துச்சட்டி தூக்கப் போகிறார்? இரண்டு நாள் கூலியை விட்டால்தான் சேர வேண்டிய பணம் சேரும் என்பது என்ன வட்டி என்று வங்கிக்காரனான எனக்கே விளங்கவில்லை.

'இதெல்லாம் அங்கொன்று இங்கொன்று' என்பார்கள். அவர்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2016-17 ஆம் ஆண்டு மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை, ஆதார் சரிபார்ப்பு தோற்றுப்போனதற்கான மதிப்பீடுகளைத் தந்தது. ஜார்க்கண்டில் 49 சதவீதம், ராஜஸ்தானில் 37 சதவீதம். 2018 மார்ச்சில் ஆதார் ஆணையத்தின் தலைமை அதிகாரி உச்சநீதிமன்றத்தில் நின்று, அரசுச் சேவைகளில் வெற்றி 88 சதவீதம் என்றார். அதாவது 100 க்கு 12 தோல்வி. பெருமையாகச் சொன்ன கணக்கு இது. என் கவுண்டரில் சாயங்காலம் 100 ரூபாய்க்கு 12 ரூபாய் ஷார்ட் விழுந்தால் மறுநாள் மெமோ, அதற்கு மறுநாள் சஸ்பென்ஷன். ஏறுகிற விமானத்தில் 100 க்கு 12 விழும் என்றால் எந்த அதிகாரி ஏறுவார்? அந்த 12 பேர் யார், என்ன வேலை செய்கிறவர்கள், எந்தத் தெரு என்று பிரித்துச் சொல்ல யாரும் முன்வரவில்லை. வங்கியில் இவ்வளவு, டெலிபோனில் இவ்வளவு என்று துறைவாரியாகச் சொன்னார்கள். மனுஷவாரியாகச் சொல்லவில்லை.

2018 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. நான்கு நீதிபதிகள் அரசு உதவிகளுக்கு ஆதார் செல்லும் என்றார்கள். நீதிபதி சந்திரசூட் மட்டும் மனிதர்களின் கண்ணியத்தை மிஷினின் நிகழ்தகவுக் கணக்கிடம் விட முடியாது என்று மாறுபட்டார். அதற்கு ஒரு வருஷம் முன்னால், 2017 செப்டம்பரில், ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். அங்கே விரல் வைக்கிற கட்டமே வரவில்லை. ஆதார் எண் இணைக்கவில்லை என்று குடும்ப அட்டையே நீக்கப்பட்டிருந்தது. சோறு கேட்டுச் செத்தாள் என்றாள் தாய். மலேரியா என்றது அரசு. பசியால் சாவதற்கும் இவர்களிடம் சரிபார்ப்பு வேண்டியிருக்கிறது.

மிஷின் அவ்வளவு கறாரா என்றால் அதுவும் இல்லை. 2018 இல் தெலங்கானாவில் ஓர் ஆள் பிடிபட்டான். நிலப்பதிவுப் பத்திரங்களில் இருந்த கட்டைவிரல் ரேகைகளை எடுத்து ரப்பரில் விரல் செய்து, சிம் கார்டுகளை வாங்கிக் குவித்திருந்தான். ரப்பர் விரலைப் பார்த்து மிஷின் பச்சை விளக்குப் போட்டது. ரத்தமும் சதையுமான விரலுக்குச் சிவப்பு விளக்கு. உழைக்காத விரல் என்றால் அது ரப்பராக இருந்தாலும் மரியாதை உண்டு போலிருக்கிறது.

'விரல் தேய்ந்தால் என்ன, முகத்தைக் காட்டு' என்பது இப்போதைய செய்தி. முகம் பார்க்கிற மிஷின் வந்துவிட்டது. நல்லது, அதன் வரலாற்றையும் பார்த்துவிடுவோம். 2018 இல் ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்கிற இரண்டு கறுப்பினப் பெண் விஞ்ஞானிகள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்கிற பெரிய கம்பெனிகளின் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெள்ளைத்தோல் ஆண்களிடம் தவறு 1 சதவீதத்துக்கும் கீழே. கறுத்த பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. கொரோனா காலத்தில் விரலில் மாட்டினார்களே ஆக்ஸிஜன் பார்க்கிற கிளிப், அது வெள்ளையரைவிடக் கறுப்பு நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகக் குறையைக் கவனிக்காமல் விடுகிறது என்று 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. யாரை வைத்துச் செய்து பார்க்கிறார்களோ அவரைத்தான் மிஷினுக்குத் தெரியும். நம் ஊர் முகமிஷின் களத்துமேட்டு வெயிலில் கறுத்த முகத்தை எப்படிப் பார்க்கிறது என்று கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது.

மிஷினை உடைக்கச் சொல்லி நான் எழுதவில்லை. மிஷின் வந்தபிறகு ரேஷன்கடையில் நம் பெயரில் வேறொருவன் அரிசி வாங்குவது சில இடங்களில் குறைந்திருக்கலாம். பிரச்சினை, மிஷின் தோற்றால் யார் தண்டனை அனுபவிப்பது என்பதுதான். இன்றைக்கு அது தோற்றால் அந்தம்மா வீட்டுக்குப் போகிறார். பழைய கதையை நினைத்துப் பாருங்கள். கால்டன் புத்தகம் எழுதிய அதே 1892 இல்தான் சென்னை மாகாண அரசு பஞ்சமி நிலத்துக்கு ஆணை போட்டது. அந்த நிலங்கள் கைமாறியபோது பத்திரத்தில் விழுந்த கைநாட்டுகள் எத்தனை! வெற்றுப் பத்திரத்திலும் கடன் நோட்டிலும் நம் பாட்டன்கள் வைத்த ரேகை என்றைக்காவது 'பொருந்தவில்லை' என்று திரும்பி வந்ததா? நம்மிடமிருந்து எடுக்கும்போது மங்கலான ரேகையும் செல்லும். நமக்குக் கொடுக்கும்போது மட்டும் விரல் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும்.

தோழர்களே, மாணவ நண்பர்களே, செய்யக்கூடியது இருக்கிறது. ரேகை பொருந்தாததற்காக யாருக்கும் ரேஷனையோ உதவியையோ மறுக்கக் கூடாது, வேறு வழியில் அடையாளம் பார்த்துக் கொடுத்துவிட்டு அதைப் பதிந்து வைக்க வேண்டும் என்று ஆதார் ஆணையமே 2017 அக்டோபர் 24 ஆம் தேதி சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதைப் பிரதியெடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம், உங்கள் பக்கத்துச் சேரியில் எத்தனை பேருக்கு ரேகை விழவில்லை, அவர்கள் என்ன வேலை செய்கிறவர்கள், எத்தனை தடவை அலைந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கோர்ட்டில் சொல்லாமல் விட்ட மனுஷவாரிக் கணக்கு அதுதான், அதை நாம்தான் எடுக்க வேண்டும்.

இன்னொன்று. ரேகை விழல, நாளைக்கு வா என்று சொன்னால் திரும்பி வந்துவிட வேண்டாம். 'விழலேன்னு தேதி போட்டு எழுதிக் குடுங்க' என்று நில்லுங்கள். நான் கவுண்டருக்கு உள்ளே இருப்பவன், அதனால் சொல்கிறேன்: வாயால் மறுப்பது எங்களுக்குச் சுலபம், எழுதி மறுக்கத்தான் கை வராது. பெரும்பாலும் பணம் அன்றைக்கே வந்துவிடும்.